மேடானில் பிடித்த கதவும் ஜன்னலும்

சென்ற பள்ளி விடுமுறையில் என் கணவர், என் தாயார், நான் ஆகிய மூவரும் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போய் ஆறு நாள் தங்கி வந்தோம். திரும்பிய மறுநாளே பக்கத்து வீட்டார் படம் பார்க்க வந்துவிட்டார்கள். கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த அக்கா ஒருவர், "என்ன டீச்சர், கதவும் ஜன்னலுமா பிடிச்சு வெச்சிருக்கீங்க? நீங்க எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் கேட்டது நியாயமே. அத்தனை படங்களில் நாங்கள் இருப்பது இருபதில்கூட இல்லை. ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து விமானம் ஏறினால், மலாக்கா நீரிணையைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் மேடான் வந்துவிடுகிறது. 2013இல் திறக்கப்பட்ட குவாலானாமு விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே ரயிலில் நகருக்குள் போகலாம். விமானம் தாழப் பறந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா கீழே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கடல் தாண்டி வந்தும் செம்பனைதானா?" என்றார். முன் வரிசையில் இருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையில் மேடானைப் பெரிய நகரமாக்கியதே தோட்டம்தான். 1863இல் யாகோபுஸ் நீன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் இந்த டெலி வட்டாரத்துக்கு வந்து புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டுக்கு மேலே சுற்றும் மெல்லிய இலைக்கு டெலி புகையிலை ஐரோப்பாவில் பெயர் பெற்றது. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. சீனரும் ஜாவானியரும் தமிழரும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நம்மவர்கள் சாலை போட்டார்கள், மாட்டு வண்டி ஓட்டினார்கள். ஒப்பந்தத்தை முறித்து ஓடினால் சிறைக்கு அனுப்பலாம் என்று 1880இல் டச்சு அரசு சட்டம் போட்டது. அந்தத் தண்டனை முறை பல பத்தாண்டுகள் நீடித்தது.

அரண்மனையும் மாளிகையும்

முதல் இரண்டு நாள் எல்லாரையும் போல நாங்களும் பெரிய கட்டடங்களைத்தான் பார்த்தோம். 1888இல் கட்டத் தொடங்கிய மைமூன் அரண்மனை, அரச குலத்துக்குரிய மஞ்சள் வண்ணத்தில் நிற்கிறது. மலாய், மொகலாய, இத்தாலியக் கட்டடக் கலைகள் அதில் கலந்திருக்கின்றன. அதற்கு அருகிலேயே 1909இல் கட்டி முடித்த பெரிய பள்ளிவாசல். எண்கோண அமைப்பும் கறுப்புக் குவிமாடங்களும் கொண்டது. கெசாவான் சாலையில் சோங் ஆ ஃபீ என்ற சீனச் செல்வந்தரின் மாளிகை இருக்கிறது. 1900இல் கட்டி முடிக்கப்பட்ட அதை 2009 முதல் பொதுமக்கள் பார்க்கலாம்.

அந்த மாளிகையில்தான் என் போக்கு மாறியது. முன்வாசலில் நின்று படம் பிடிக்கக் கூட்டம் காத்திருந்தது. நான் ஒதுங்கி உள்ளே போனேன். நடு முற்றத்து வெளிச்சம் பூப்போட்ட தரை ஓடுகளில் விழுந்திருந்தது. கால்கள் நடந்து நடந்து சில ஓடுகளில் பூ மங்கிப் போயிருந்தது. அதைக் குனிந்து பிடித்தேன். பிறகு ஜன்னல் கொக்கி, கைப்பிடி என்று தொடர்ந்தது. "தரையைப் பிடிக்கவா விமானம் ஏறி வந்தோம்?" என்றார் கணவர். ஆனாலும் என் நிழல் ஓட்டின் மேல் விழாதபடி தள்ளி நிற்கச் சொன்னவரும் அவர்தான்.

மூன்றாம் நாள், பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் கம்போங் மெட்ராஸ் போனோம். முன்பு கம்போங் கெலிங் என்று அழைக்கப்பட்ட இடம். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், பச்சைச் சாயம் அடித்த பலகை ஜன்னலோடு ஒரு பழைய வீடு. நிலைப்படியில் காய்ந்த மாவிலைத் தோரணம். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கைப்பேசியைக் காட்டி, மலாய் மொழியில் அனுமதி கேட்டேன். முகம் நம் முகம். பேச்சு இந்தோனேசிய மொழி. "என்னையா பிடிக்கப் போகிறாய்?" என்றார். "வீட்டையும்தான்" என்றேன். உடனே எழுந்து, சாத்தியிருந்த இன்னொரு ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்வது போல் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேடானில் நான் பிடித்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அம்மா சொன்னது

அன்றிரவு விடுதியில் அம்மா அந்தப் படத்திலேயே நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "நம்ம லயத்து ஜன்னலும் இதே பச்சைதான். நம்ம வீட்டை இப்படி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாமேம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

அம்மா இருபத்தெட்டு வருடம் பால் வெட்டியவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த லயத்தில்தான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில் தோட்டம் கைமாறி, லயத்தை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் கடை வீடுகள் நிற்கின்றன. எங்கள் ஆல்பத்தில் படம் இல்லாமல் இல்லை. தீபாவளி, அண்ணன் கல்யாணம், நான் பரிசு வாங்கியது எல்லாம் உண்டு. வீடு மட்டும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அண்ணன் கல்யாணத்துக்குப் பட்டணத்திலிருந்து படக்காரர் வந்தபோது, பலகைச் சுவர் தெரிந்தால் வெட்கம் என்று அம்மாவின் புடவை இரண்டை எடுத்துச் சுவரை மறைத்துக் கட்டினோம். கட்டியவள் நான்தான். புடவை எட்டாத ஓரத்தில் ஒரு சாண் சுவரும், மாட்டியிருந்த காண்டா வாளியில் பாதியும் அந்தப் படத்தில் விழுந்திருக்கின்றன. நாங்கள் வாழ்ந்த வீட்டுக்கு இன்று மிஞ்சியிருக்கும் அடையாளம் அந்த ஒரு சாண்தான்.

துரை பங்களாவுக்கு எல்லாக் காலத்திலும் படம் இருக்கிறது. மேடானிலும் நான் பார்த்தது அரசர் வீடும் செல்வந்தர் வீடும்தான். புகையிலைக் காட்டில் உழைத்தவர்கள் படுத்த கொட்டகை ஒன்றைக்கூட நான் பார்த்த இடங்களில் காணவில்லை.

கடைசி இரண்டு நாள் தோபா ஏரியின் நடுவே உள்ள சாமோசிர் தீவுக்குப் போனோம். அங்குள்ள பாத்தாக் மக்களின் பழைய வீடுகள் தூண்களின் மேல் நிற்பவை. கூரையின் இரு முனைகளும் படகைப் போல் உயர்ந்திருக்கும். முகப்பில் சிவப்பு, வெள்ளை, கறுப்பில் செதுக்கு வேலை. முன்பு நாரால் வேய்ந்த கூரைகள் பலவற்றில் இப்போது தகரம் ஏறியிருக்கிறது. தகரம் விழாமல் பிடித்தால் படம் அழகாக இருக்கும் என்று கணவர் சொன்னார். "இருக்கட்டும் மாப்பிள்ளை, அவங்க இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார் அம்மா. தகரத்தோடேயே பிடித்தேன். வாசலில் காயப் போட்டிருந்த துணியும் படத்தில் இருக்கிறது.

பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், பெற்றோரின் கைப்பேசியில் வீட்டைப் பிடித்து வரச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க வீடு பழசு" என்று தலையைக் குனிந்தான். அவனுக்கு அந்தக் கல்யாணப் படத்தைக் காட்டிப் புடவைக் கதையைச் சொன்னேன். மறுநாள் அவன் கொண்டு வந்ததில் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, தாத்தாவின் நெற்றி விளக்கு எல்லாம் இருந்தன.

படம் பிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். காலை எட்டு மணி வெயில் சுவரின் வரியையும் பலகையின் ரேகையையும் நன்றாகக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் வெளுத்துவிடும். கதவைப் பிடிக்கும்போது நேர் எதிரே நில்லுங்கள். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்தால் கதவின் உயரம் தெரியும். பிறர் வீடென்றால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். பிடித்ததைக் கடையில் கொடுத்து அச்சிட்டு வாங்கி, பின்பக்கம் நாள், இடம், நிற்பவரின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். கைப்பேசி பழுதானால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

வெளியூர் போக வசதிப்படும்போது போவோம். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துவிடுங்கள். கொடியில் துணி காய்ந்தால் காயட்டும். புடவை கட்டி எதையும் மறைக்க வேண்டாம்.