பூக்கடைக்கு ஒரு பெயர்

சென்னையில் பூவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஒரு பக்கம் ஹைகோர்ட். எதிர்ப்பக்கம் பத்ரியன் தெரு. 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் வந்து மொத்த வியாபாரம் பெரும்பாலும் அங்கே போன பிறகும் அந்த வட்டாரத்துக்குப் பெயர் பூக்கடைதான், போலீஸ் ஸ்டேஷன் உட்பட. இத்தனை பக்கத்தில் இருந்தும் பூ விற்கிறவர்கள் ரோட்டைத் தாண்டி கோர்ட்டுக்குள் போவது அபூர்வம். காலையில் வந்த சரக்கு சாயங்காலம் வாடிப்போகிற தொழிலில் பத்து வருஷம் கேஸ் நடத்த யாருக்குப் பொறுமை?

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் மயிலாப்பூர் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர்தான் விவகாரமே. அவர் கணவர் எண்பதுகளின் கடைசியில் மூத்த மகள் பெயரில் ஆரம்பித்த கடை. முழம் பூ, சாமிக்குக் கதம்பம் என்று தொடங்கி, கல்யாண மாலை, ஜடை அலங்காரம், மேடை அலங்காரம் வரை வளர்ந்தது. அவர் காலமான பிறகு அம்மாவே நடத்துகிறார். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் இருப்பார்.

நாலு தெரு தள்ளி ஒரு புதுக்கடை வந்தது. ஏ.சி., கண்ணாடிக் கதவு, ஆர்க்கிட், ஜெர்பரா. பெயர் அதே பெயர். பின்னால் 'ஃப்ளோரல் டெகரேட்டர்ஸ்' என்று ஒரு வால். அம்மா கண்டுகொள்ளவில்லை. "ஊர்ல ஆயிரம் லட்சுமி, ஆயிரம் சரஸ்வதி இருக்காங்க சார். பேரு என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

சொத்துதான் என்று ஒரு வைகாசி முகூர்த்தத்தில் தெரிந்தது. பெண் வீட்டார் இவருக்கு மூன்று தலைமுறை வாடிக்கை. பெண்ணின் தம்பி மொபைலில் கடைப் பெயரைத் தட்டி, மேப்பில் முதலில் வந்த நம்பருக்கு போன் போட்டு, அட்வான்ஸும் அனுப்பிவிட்டான். வந்தது முந்தாநாள் ரோஜா. மாலை மாற்றும்போதே இதழ் கொட்டி, மாப்பிள்ளை கழுத்தில் வாழை நார்தான் மிச்சம். மறுநாள் பெண்ணின் பாட்டி நேரே இந்த அம்மாவின் கடைக்கு வந்து, நாலு பேர் முன்னால், "உன் புருஷன் இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பானா?" என்று கேட்டிருக்கிறார். அது நானில்லை என்று எவ்வளவு சொல்லியும் பாட்டி நம்பவில்லை. அம்மா அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்குச் சட்டத்தில் 'பாஸிங் ஆஃப்' என்று பெயர். என் சரக்கை உன் சரக்கு என்று நம்பவைத்து விற்பது. பெயரைப் பதிவு செய்யாதவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. உனக்கு நல்ல பேர் இருந்தது, ஜனங்கள் குழம்பினார்கள், அதனால் உனக்கு நஷ்டம் என்று காட்ட வேண்டும். பாட்டி ஒரே வசவில் மூன்றுக்கும் சாட்சி சொல்லிவிட்டார்.

அம்மாவின் தம்பி மகன் ஒரு நோட்டீஸைத் தானே எழுதிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து லட்சம் நஷ்டஈடு, பத்திரிகையில் மன்னிப்பு, ஏழு நாளில் கடையை மூடாவிட்டால் ஜெயில். கடைசி வரியில் மூன்று ஆச்சரியக்குறி. இவர்களை எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். அவர் பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்தார்.

"தம்பி, வக்கீல் நோட்டீஸ் கோர்ட் ஆர்டர் இல்ல. வெறும் லெட்டர். அதுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கோம்கறதுதான் அதோட பலம்" என்றார். நம் டிரேட்மார்க் சட்டத்தில் (1999-ல் இயற்றி 2003-ல் அமலுக்கு வந்தது) 142-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதாரமில்லாமல் கேஸ் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் திருப்பி கேஸ் போடலாம். மிரட்டலை நிறுத்தத் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். நம் ஊரில் 'நோட்டீஸ் விட்டுடுவேன்' என்று சர்வ சாதாரணமாகச் சொல்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

"எத்தனை வருஷமா இந்தப் பேர்ல நடத்தறீங்கம்மா? அதுக்கு என்ன காகிதம் இருக்கு?"

இங்கேதான் பூ வியாபாரம் மாட்டிக்கொள்கிறது. கோயம்பேட்டில் கொள்முதல் எல்லாம் துண்டுச்சீட்டு. பழைய லைசென்ஸைக் கரையான் சாப்பிட்டுவிட்டது. கல்யாண ஆர்டர்கள் வாய் வார்த்தை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததற்கு ஒரு தாள் இல்லை. அம்மா யோசித்து யோசித்து, "காலண்டர் உதவுமா சார்?" என்றார்.

கணவர் வருஷா வருஷம் சிவகாசியில் சாமிபட காலண்டர் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பாராம். தேதி முடிந்தாலும் நம் ஜனங்கள் சாமியைத் தூக்கிப் போடுவதில்லை. கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். வீடு வீடாகத் தேடியதில் திருவல்லிக்கேணியில் ஒரு பூஜையறையில் 1992-ம் வருஷத்து முருகன் கிடைத்தார். காலடியில் கடைப் பெயர், விலாசம், வருஷம் எல்லாம் தெளிவாக. "சாமியைக் கழட்டித் தரமாட்டேன்" என்று அந்த வீட்டு மாமி சொல்லிவிட்டதால், போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கடைசியில் போன நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம். இன்ன வருஷத்திலிருந்து இந்தப் பெயர், இன்ன தேதியில் இன்ன குழப்பம், பதினைந்து நாளில் பெயரை மாற்றவும், மேப்பிலும் மாற்றவும், அதுவரை எங்களைத் தேடி போன் வந்தால் நாங்கள் அவர்களில்லை என்று சொல்லவும். பணம் கேட்கவில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினார்கள். (ரிஜிஸ்டர்டு போஸ்ட்டைத் தபால் துறை 2025-ல் அதோடு இணைத்துவிட்டது. அங்கேயும் ஒரு பழைய பெயர் போச்சு.)

பதில் நோட்டீஸ் நாலு பக்கம் வந்தது. 'எங்கள் கட்சிக்காரர் ஏற்கெனவே டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிட்டார். நீங்கள்தான் உடனே போர்டைக் கழற்ற வேண்டும்.' அம்மாவுக்குக் கை நடுங்கியது. "எம் பொண்ணு பேரை நான் கழட்டணுமா?"

வக்கீல் சிரித்தார். விண்ணப்பம் வேறு, பதிவு வேறு. அப்படியே பதிவானாலும், முன்னாலிருந்தே தொடர்ந்து அந்தப் பெயரில் தொழில் செய்பவரை அசைக்க முடியாது என்கிறது 34-வது பிரிவு. புதுக்கடை போர்டில் வட்டத்துக்குள் 'ஆர்' வேறு போட்டிருந்தார்கள். பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தப்பு. முன்பு மூன்று வருஷம் வரை சிறைக்கு இடமிருந்தது, 2024-லிருந்து அபராதம். இந்த விஷயத்தை மட்டும் மிரட்டாமல் ஒரு வரியில் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் போனது.

கேஸ் என்று போயிருந்தால்? பூ வியாபாரத்தில் உலகப் புகழ்பெற்ற வழக்கு இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோரா. 2008-ல் கூகுளில் அவர்கள் பெயரைத் தேடினால் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பூ விளம்பரம் வந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். ஐரோப்பிய கோர்ட் வரை போய், 2013-ல் லண்டன் ஹைகோர்ட்டில் ஜெயித்து, 2014-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரியுங்கள் என்றது. அவர்களுக்குக் கட்டும். மயிலாப்பூர் அம்மாவுக்கு?

நல்லவேளை, எதிர்த்தரப்பு பேச வந்தது. நியூமராலஜிப்படி பெயரில் ஓர் எழுத்து கூட்டிக்கொள்கிறோம் என்றார்கள். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்று இரண்டு மருந்துகள் மோதிய வழக்கில் 1962-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது: சாதாரண புத்தியும் அரைகுறை ஞாபகமும் உள்ளவர் குழம்புவாரா என்றுதான் பார்க்க வேண்டும். அதே வழக்கில், அமிர்ததாராக்காரர்கள் வருஷக்கணக்கில் சும்மா இருந்ததால் லட்சுமண்தாராவை உத்தரப்பிரதேசத்தில் மட்டும் விற்க விட்டுவிட்டார்கள் என்பதும் உண்டு. அம்மா முழுசாக இன்னும் ரெண்டு வருஷம் 'ஊர்ல ஆயிரம் லட்சுமி' என்று இருந்திருந்தால் இந்தப் பேச்சே இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

புதுக்கடை இப்போது வேறு பெயரில் இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது. அவர்கள் வாங்கின ஒற்றை நட்சத்திரத் திட்டுகளில் இரண்டு இன்னமும் மேப்பில் அம்மா கடையின் கணக்கில் இருக்கின்றன. பாட்டி வீட்டிலிருந்து நவராத்திரிக்கு ஆர்டர் வந்ததாம். பாட்டி போனில் பேசவில்லை, மருமகள்தான் பேசினார்.

அம்மா பெயரைப் பதிவு செய்யக் கொடுத்துவிட்டார். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நிஜப் பூவுக்கு 31-ம் வகுப்பு, கடைக்கு 35. "பிளாஸ்டிக் பூவுக்கு 26, அதையும் சேர்த்துடலாமா?" என்று வக்கீல் கேட்டிருக்கிறார்.

"பிளாஸ்டிக் பூவை எதுக்கு சார் எம் பொண்ணு பேர்ல விக்கணும்?"