தட்டோரத்து இலையைத் தின்பதா, ஒதுக்குவதா?

பொல்பிட்டியவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. மின்நிலைய ஊழியர்களையும் லக்ஷபானப் பக்கம் ஏறி இறங்கும் லொறிக்காரர்களையும் நம்பி நடக்கும் கடை ஒன்று பாதையோரமாகவே இருக்கிறது. தகரக் கூரை, நாலைந்து மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் பருப்பு வடையும் மாலுபணிஸும். நானும் என் தங்கை மகனும் உள்ளே நுழைந்தபோது, யாரோ சாப்பிட்டு எழுந்த தட்டொன்று இன்னும் எடுபடாமல் கிடந்தது. ஓரத்தில் ஒரு ரம்பைத் துண்டு, ஒரு பிடி கறிவேப்பிலை, விரல்நீளத்துக்குக் கறுவாப்பட்டை, கறுத்துச் சுருண்ட கொறுக்காய் ஒன்று. மற்றதெல்லாம் வழித்துச் சாப்பிட்டாயிற்று. வல்லாரைச் சம்பலில் ஒரு நார்கூட மிச்சமில்லை.

மருமகன் அந்தத் தட்டைத்தான் முதலில் காட்டினான். அவன் ஜப்பானில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். 2019-இல் அந்த நாடு தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் இங்கிருந்து போன இளவட்டங்களில் ஒருவன். லீவில் வந்திருக்கிறான். நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கத்து லயத்தில் அவனைச் சுற்றி உட்கார்ந்த சொந்தக்காரர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டது சுஷியைப் பற்றி. பச்சை மீனை எப்படித் தின்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. படத்தில் பார்த்த அந்தப் பச்சை இலை, பூ, வெள்ளை நூல், புல் எல்லாவற்றையும் சேர்த்தே தின்பதா என்பது இன்னொன்று.

"எனக்கு ஆரம்பத்துல புல்லு வைக்கிற வேலைதான் மாமா. பெல்ட்டுல பெட்டி வரும், நாம பச்சைப் புல்லை நடுவுல செருகணும். அது பிளாஸ்டிக்குன்னு சொன்னா ஊர்ல ஒருத்தரும் நம்பல."

பிளாஸ்டிக்தான். ஆனால் முன்பு அது உண்மையான இலை. மூங்கில் குடும்பத்து இலையையோ, ஹாரான் என்கிற அகன்ற இலையையோ சுஷிக் கலைஞர்கள் கத்தியால் சீவி, ஒரு துண்டின் சாறும் வாடையும் பக்கத்துத் துண்டில் ஏறாமல் நடுவே நிறுத்துவார்கள். பெட்டி ஆயிரக்கணக்கில் போகத் தொடங்கியதும் இலையின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. வேலி என்ற வேலையை அதுவும் கொஞ்சம் செய்கிறது. மற்றவையெல்லாம் தின்னத்தான். மெல்லிசாகச் சீவிய வினாகிரி இஞ்சியை ஒரு துண்டு மீனுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் வாய் துலக்கத் தின்பார்கள். ஷிசோ என்ற பல்விளிம்பு இலை நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மீனோடு சேர்த்தே அதை மெல்லலாம். நூல்போலக் கிடப்பது முள்ளங்கி. மீனிலிருந்து கசிகிற நீரை அது வாங்கிக்கொள்ளும், சாப்பிடுகிறவர் அதையும் சாப்பிடுவார். சிறு மஞ்சள் செவ்வந்தி இருந்தால் இதழைப் பிய்த்து சோயாச் சாற்றில் தூவுவது வழக்கம். வசாபி என்ற காரப் பச்சை விழுதுக்கு வேறு கதை. மலிவுக் கடைகளில் வருவது பெரும்பாலும் பச்சைச் சாயம் போட்ட குதிரை முள்ளங்கி.

இதையெல்லாம் அவன் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் தட்டுகள் வந்தன. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், மீன் குழம்பு, வல்லாரைச் சம்பல், அப்பளத்தின் மேல் பொரித்த செத்தல் மிளகாய் இரண்டு. தட்டின் மேல் மெல்லிய பொலித்தீன் தாள் விரித்திருந்தது. 2017 செப்டெம்பரில் அரசாங்கம் இந்தத் தாளைத் தடைசெய்தது. அவ்வருஷம் ஏப்ரலில் மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடிய பிறகுதான் அந்த வேகம் பிறந்தது. தடை வந்தும் தாள் போகவில்லை. வாழையிலை இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பிளாஸ்டிக் நம்மிடமும் இருக்கிறது, ஜப்பான்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை.

குழம்பைக் கிளறினேன். ரம்பைத் துண்டு கைக்கு வந்தது. சமையல்கட்டிலிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். "அத எடுத்து ஓரமா வைங்க தொரை, மெல்ல முடியாது" என்றார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "வாசத்துக்கு. வாசம் சோத்துல எறங்கிருச்சு, இனி அது வெறும் ஓலைதானே" என்றார்.

அக்கா சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. ரம்பையின் மணத்துக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரு சேர்மம். பாஸ்மதி அரிசியை மணக்க வைப்பதும் அதுவே. கொதிக்கும் கறியில் அது இலையை விட்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது நார். கறுவாவும் எலுமிச்சைப் புல்லும் அப்படித்தான். கொறுக்காய் மட்டும் கொஞ்சம் இழுபறி. அதன் புளிப்பு மீனுக்குள் போய் மீனைக் கெடாமல் காக்கிறது. தெற்குக் கரையோரத்து அம்புல் தியல் குளிர்பெட்டி இல்லாமல் சில நாள் தாங்குவது அதனால்தான். ஆனால் துண்டில் இன்னும் புளிப்பு மிச்சமிருக்கும். சிலர் சப்பிவிட்டுத் துப்புவார்கள். நான் சப்புகிற கட்சி.

கறிவேப்பிலைக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. வேகவைத்ததை ஒதுக்குகிறோம், தாளித்து முறுகியதை மெல்லுகிறோம், வறுத்துத் துவைத்தால் சம்பலாக்கி அள்ளித் தின்கிறோம். ஒரே இலைதான், எப்படிச் சமைத்தோம் என்பதைப் பொறுத்து அதன் மரியாதை மாறுகிறது.

சாப்பிட்டு முடித்து அக்கா கொல்லைப்புறம் கூட்டிப் போனார். சமையல்கட்டுத் தண்ணீர் வடிகிற இடத்தில் ரம்பைப் புதர், பக்கத்தில் ஈரத்தில் வல்லாரை, வேலியோரம் அகத்தி. ரம்பை விதையில் முளைப்பதில்லை. பக்கக் கன்றைப் பிய்த்துத்தான் நட வேண்டும். நுவரெலியாக் குளிரில் அது சிரமப்படும். பொல்பிட்டிய அவ்வளவு உயரமில்லை, தென்னையும் பாக்கும் நிற்கிற மண், அதனால் புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வல்லாரையைப் பிடுங்கிக் காட்டி, இதைத் தேயிலை மலையில் பறித்தால் தான் வாங்குவதில்லை என்றார்.

காரணம் களைநாசினி. தோட்டங்களில் கிளைபோசேட் 2015-இல் தடைசெய்யப்பட்டு, 2018-இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. தடை இருந்தபோதும் இல்லாதபோதும் ஏதாவதொரு மருந்து அடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் அந்தியில் மடியில் கட்டிவரும் கீரை, எந்த நம்பர் மலையில் எப்போது மருந்தடித்தார்கள் என்று தெரிந்தவர்கள் பறிக்கும் கீரை. வெளியாளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. "தெரிஞ்ச எடத்துல புடுங்கினா பச்சையா திங்கலாம், தெரியாட்டி வேகவச்சாலும் வேணாம்" என்று அக்கா முடித்தார். வல்லாரையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, தண்டைக் கிள்ளிப் போட்டு, அரிந்து, துருவிய தேங்காயும் சின்ன வெங்காயமும் தேசிக்காயும் பிசைந்ததை நானே நின்று பார்த்தேன். இலையை அவர் அரிந்த விதம் அழகு. ஒரு கைப்பிடியைச் சுருட்டி இறுக்கி, கத்தியை அசைக்காமல் இலையைத் தள்ளிக்கொண்டே போனார். விழுந்தது தலைமுடிக் கற்றைபோல இருந்தது.

பிற்பகலில் பேருந்து பிடித்துக் கித்துல்கலைக்கு இறங்கினோம். 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்துக்குப் பாலம் கட்டிய இடம் என்று சொல்லியே பல காலம் பிழைத்த ஊர். இப்போது படகுச் சவாரிதான் பிழைப்பு. மேலே மின்நிலையங்கள் தண்ணீர் விடும் நேரம் பார்த்துத்தான் களனி ஆற்றில் றப்பர் படகை இறக்குகிறார்கள். 1969 முதல் ஓடும் பொல்பிட்டிய நிலையத்தின் தண்ணீரும் இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. சவாரிக்காரர்களுக்கென்று ஆற்றங்கரையில் நிறைய ஹோட்டல்கள். பெயர் வேண்டாம், ஒன்றில் நுழைந்து டெவல் கோழி ஒரு தட்டு சொன்னோம்.

வந்தது. கோழிக்கு அடியில் முழு சலாது இலை, ஓரத்தில் தோலைச் சுருட்டிச் செய்த தக்காளிப் பூ, கரட்டைச் செதுக்கிய நட்சத்திரம், வெள்ளரி வட்டங்கள். பக்கத்து மேசையில் கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்று முடித்துவிட்டு எழுந்தது. கோழி எலும்பும் சலாது இலையும் அப்படியே கிடந்தன. ஒருவரும் தொடவில்லை.

பரிமாறிய தம்பி தலவாக்கலைக்காரர். சலாதுவை யாராவது சாப்பிடுவார்களா என்று கேட்டேன். சிரித்தார். "வெள்ளைக்காரங்க சில பேர் தின்பாங்க சேர். நம்ம ஆளுங்க தொடவே மாட்டாங்க. அது அழகுக்கு." எடுத்த இலை எங்கே போகிறது என்றதற்குப் பன்றி வளர்க்கிறவர் வாளியோடு வருவார் என்றார். பிறகு கேட்காமலே ஒன்று சொன்னார். பஃபேயில் வைக்கும் வல்லாரைச் சம்பலுக்குக் குசினியில் மூன்று நாலு தண்ணீர் அலசுவார்களாம். சலாதுவை ஒரு தடவை குழாயில் பிடித்து உதறுவதோடு சரி. "யாரு திங்கப் போறான்னு நெனைப்பு சேர்."

காலையிலிருந்து கேட்ட எதையும்விட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. தட்டோரத்து இலையைத் தின்னலாமா என்பதற்கு இலையைப் பார்த்துப் பயனில்லை, குசினி என்ன நினைத்து வைத்தது என்று பார்க்க வேண்டும். தின்பார்கள் என்று நினைத்த கை அலசும். நினைக்காத கை அலசாது. கழுவாததால் நாம் தொடுவதில்லை, நாம் தொடாததால் அவர்கள் கழுவுவதில்லை. இந்தச் சுற்றுக்குள் அறியாமல் நுழைகிறவர், பாவம், அந்த வெள்ளைக்காரர். பச்சையாகத் தின்பதற்கு வல்லாரையும் சலாதுவும் ஒன்றுதான். இரண்டிலும் மண் ஒட்டும், இரண்டிலும் அழுக்குத் தண்ணீர் படும். கோழிச் சாறு ஊறிய சலாது உண்மையில் நல்ல ருசி. வெலிமடையிலோ நுவரெலியாவிலோ ஒரு விவசாயி பாடுபட்டு வளர்த்ததைப் பன்றி வாளிக்கு விரிப்பாக்குவதை என்னால் ரசிக்க முடியவில்லை. தின்னக் கொடுக்கட்டும், அல்லது தட்டை வெறுமையாக விடட்டும். வாழைப்பட்டையில் வைத்தால்கூட ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை.

மருமகன் சொன்ன ஜப்பானியக் கடைகளில் அந்தச் சிக்கல் இல்லை. ஷிசோவும் முள்ளங்கியும் தின்னப்படும் என்ற எதிர்பார்ப்போடுதான் தட்டுக்கு வருகின்றன. பெட்டிச் சுஷியில் அந்த எதிர்பார்ப்பு தேய்ந்து தேய்ந்து கடைசியில் பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் தேத்தண்ணி குடித்தோம். தட்டில் ஹலப்பை அடுக்கியிருந்தது. குரக்கன் மாவில் தேங்காயும் பாணியும் பிசைந்து கெந்த இலைக்குள் தட்டி அவித்தது. இலையைப் பிரித்தால் அதன் நரம்பெல்லாம் பலகாரத்தின் மேல் அச்சுப்போல் பதிந்திருக்கும். மருமகன் பிரித்து இலையை மடித்து வைத்துவிட்டுத் தின்றான். ஜப்பானிலும் இப்படி ஒன்று உண்டாம், சகுரமோச்சி. இனிப்பு அரிசிப் பலகாரத்தை செர்ரி மரத்து இலையில் சுற்றி வைப்பார்கள். இலை பெரும்பாலும் ஷிசுவோக்கா மாநிலத்து மட்சுசாக்கி என்ற ஊரிலிருந்து வருகிறது. அந்த இலையோடு தின்பதா, உரித்துத் தின்பதா என்று ஜப்பான்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அவனோடு வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் ஒரு கட்சி, பாதிப்பேர் மறு கட்சி. ஓக் இலையில் சுற்றும் கஷிவமோச்சிக்கு மட்டும் தகராறு இல்லை, அந்த இலையை எல்லாருமே உரித்துவிடுகிறார்கள். இவன் இரண்டையும் உரிக்கிறவன்.

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார ஆச்சி அதுவரை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த இலைய சும்மா சுத்துறாங்களா, எதாச்சும் போட்டு வைக்கிறாங்களா?"

"உப்புல ஊறப்போட்டு வைப்பாங்க ஆச்சி. மாசக்கணக்குல."

"அப்ப திங்கத்தான் வச்சிருக்கான். தூக்கிப்போடுற இலைக்கு எவன்டா உப்பு செலவு பண்ணுவான்?"

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வாசம் வருவதற்குத்தான் உப்பு, தின்பதற்கல்ல என்றான். உப்பில் ஊறும்போதுதான் அந்த இலையில் கூமரின் என்ற மணச்சத்து கிளம்புகிறது, ஆகவே அவன் பக்கமும் நியாயம் உண்டு. ஆச்சி அதற்கு மசியவில்லை. ஹட்டன் பேருந்து வந்து நாங்கள் ஏறும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.