இரண்டு சாந்தீம் மேசை

பாரீஸ் புறநகரில் தனியாக இருக்கும் என் தம்பி, ஓய்வுபெற்ற சொல்தா, இணையத்தில் போக்கர் ஆடுகிறான். காசு வைத்து இப்படி ஆடுவதை நம் நாட்டில் 2025-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அங்கே 2010 முதல் அனுமதி உண்டு. அவன் உட்காருவது ஒன்று, இரண்டு சாந்தீம் மேசையில்தான்.

ஒரு மாதம் முழுக்கத் தோற்றான். போனது 20 யூரோ. "அண்ணே, அவள் போனதோடு என் ராசியும் போச்சு" என்றான். எனக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. அந்தக் குரல்தான் உறுத்தியது.

நான் குமாஸ்தா ஆயிற்றே! "நோட்டுப் போடு. சீட்டு கெடுத்தது ஒரு பக்கம், நீ கெடுத்தது ஒரு பக்கம்" என்றேன். கையில் இரண்டு ஆஸ் இருந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தாலும், நூற்றுக்கு 18 தரம் ராஜாவே ஜெயிக்கும். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஆனால் நிறைந்தது இரண்டாவது பக்கம். விட்டதைப் பிடிக்கிற வேகத்தில், கண்ட சீட்டுக்கெல்லாம் பணம் கட்டியிருக்கிறான். இப்போது ஐந்தில் நான்கு தரம் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறான். கோபம் வந்தால் கணினியை மூடிவிட்டு நடக்கப் போகிறான்.

இந்த மாதம் 3 யூரோ லாபமாம். ஒரு மாதக் கணக்கு எதையும் நிரூபிக்காது. ஆனால் ராசி என்ற பேச்சை அவன் எடுப்பதில்லை. எனக்கு அது போதும்.