வோல்டார்ப்

செல்லூர்ல அக்கா மகன் ஒரு போக்கிமான் சீட்டை நீட்டினான்.
"மாமா, இதைத் தொட்டா வெடிச்சுரும்!"

வோல்டார்ப். நூறாவது போக்கிமான். 1996-ல ஜப்பான்ல வந்த முதல் விளையாட்டுலயே இருக்கு.
அரை மீட்டர் உருண்டை, 10.4 கிலோ, உள்ளே முழுக்க மின்சாரம்.
அந்த விளையாட்டுல வர்ற மின்நிலையத்துல, பொருள் கிடக்குற மாதிரியே கிடக்கும். ஆசையா எடுக்கப் போனா சண்டைக்கு வரும்.

அவன் சிரிச்சான். எனக்கு அவுட்டுக்காய் ஞாபகம் வந்துருச்சு.

நம்ம தமிழ்நாட்டு மலையடிவாரத் தோட்டங்கள்ல காட்டுப்பன்னிக்கு வைக்கிறது. தீனிக்குள்ள வெடிமருந்து.
கடிச்சதும் வாய் சிதறிரும்.
உடனே சாகாது. தின்ன முடியாம, பட்டினியில சாகும்.
யானைக்குட்டிகளும் இப்படிப் போயிருக்கு.

2020 மே மாசம் பாலக்காட்டுல ஒரு சினை யானை, வெடி வச்ச காயைக் கடிச்சுட்டு வெள்ளியாற்றுத் தண்ணிக்குள்ள நின்னபடியே செத்துச்சே, அந்தப் படத்தை இன்னும் மறக்க முடியல.

ராத்திரியோட ராத்திரியா கடலையும் மக்காச்சோளமும் போற விவசாயியோட வயித்தெரிச்சலும் பொய்யில்ல. ஆனா இது கொடூரம்ங்க. ஒத்துக்கவே முடியாது.

காட்டோரம் வெள்ளாமை பண்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, வெடி இல்லாம பன்னியை எப்படித் தடுக்குறீங்க?