டிலீட் செய்வதா, ஒளித்து வைப்பதா?

பழைய பதிவுகளை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன். 2012-இல் பாதி மின்வெட்டுப் புலம்பல். மீதி ‘காலை வணக்கம் நட்புகளே’.

2020-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ‘மேனேஜ் ஆக்டிவிட்டி’ இருப்பதால் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியதில்லை. தேதி போட்டுப் பிரித்து மொத்தமாகத் தூக்கலாம். ட்ராஷில் போட்டால் 30 நாள் கிடக்கும், அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். ஆர்கைவ் என்றால் நம் கண்ணுக்கு மட்டும். பப்ளிக்காகப் போட்டதையெல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என ஒரே அழுத்தில் சுருக்கவும் வழி உண்டு. ஆனால் பிறகு மனம் மாறினால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பின்னூட்டங்களில்தான். பதிவை அழித்தால் அதன் கீழே மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்தே போய்விடும். இறந்துபோன பெரியப்பா நான் எதைப் போட்டாலும், மின்வெட்டுக்குக்கூட, ‘அருமை தம்பி’ என்று எழுதுவார். பதிவு என்னுடையது, சரி. அந்த ‘அருமை தம்பி’ யாருடையது? அவர் கைபட்டதையெல்லாம் ஆர்கைவில் வைத்துவிட்டேன். வீட்டில் கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

அரசியல் சண்டைகளுக்கு மட்டும் ஈவிரக்கமே இல்லை, நேராக ட்ராஷ். அன்று என்னோடு விடிய விடிய மல்லுக்கு நின்ற அண்ணன் இப்போது என் கட்சியில் இருக்கிறார். நான்தான் அங்கே இல்லை.