காதுல ஒரு மொச்சைக்கொட்டை

பிளஸ் டூ லீவில் ஆசைப்பட்டு காது மேல்மடலில் இன்னொரு ஓட்டை குத்திக்கொண்டேன். ஆறு மாதத்தில் அங்கே மொச்சைக்கொட்டை சைஸில் ஒரு கட்டி. ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்து, "அவ்வளவுதான்மா" என்று அனுப்பினார்கள். அடுத்த வருஷமே பழையதைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்தது!

தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, இது கீலாய்டாம். சாதாரணமாகத் தடிக்கும் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும், நாளாக ஆக அமுங்கவும் செய்யும். கீலாய்டு எல்லை தாண்டிப் படரும், தானாகப் போகாது. (நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயராம். பொருத்தம்தான்!) வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும். வெட்டுவதும் ஒரு புதுக்காயம்தானே? உடம்பு மறுபடி கொலாஜனைக் கொட்டித் தள்ளுகிறது.

இப்போது நாலு வாரத்துக்கு ஒரு ட்ரையாம்சினலோன் ஊசி, நேராகக் கட்டிக்குள்ளேயே. வலி... கேட்காதீர்கள். தினமும் 12 மணி நேரம் சிலிக்கான் ஷீட் வேறு. அரிப்பு நின்றுவிட்டது, கட்டி பாதியாகிவிட்டது.

அடுத்த மாதம் தங்கச்சிக்கு மூக்கு குத்தப் போகிறார்களாம். இது குடும்பவழி வரக்கூடியது, அம்மாவின் தோளில் தடுப்பூசித் தழும்பே புடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். "உன் ராசி அவளுக்கு எதுக்குடி வரப்போகுது?" என்கிறார் அம்மா. தங்கச்சியோ தினமும் என் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.