மட்டாஞ்சேரியில் ஒரு பெருமாளின் நினைவு

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருள் பலர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அரண்மனையைக் காட்டுவர். சீன வலைகளைக் காட்டுவர். பிறகு யூதத் தெருவில் மிளகும் ஏலமும் வாங்கிக் கொடுத்து வழியனுப்புவர். அத்தெருவின் கோடியில் மணிக்கூண்டுடன் நிற்கும் பழைய யூத ஜெபாலயத்தில், தமிழறிந்தோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருப்பதைச் சொல்வோர் சிலரே. அக்குறையைச் சிறிது நீக்கும் நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்த ஜெபாலயம் 1568இல் கொச்சி மன்னர் அளித்த நிலத்தில், அரண்மனைக்கு அருகிலேயே கட்டப்பட்டது. 1760இல் எழுந்த மணிக்கூண்டின் முகப்புகளில் எபிரேய எண்களும் ரோமானிய எண்களும் மலையாள எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே சீனத்திலிருந்து வந்த நீல ஓடுகள் தளத்தில் பதிக்கப்பட்டுள்ளன. இதன் பெயர் ‘பரதேசி ஜெபாலயம்’. பரதேசி என்ற சொல் நம் வழக்கில் இரந்துண்பவனைக் குறிப்பதாய்த் தாழ்ந்துவிட்டது. அதன் முதற்பொருள் ‘பிற தேசத்தான்’ என்பதே. பிழைப்பை நாடி மலை கடந்து வந்திருக்கும் நாமும் அப்பொருளில் பரதேசிகளே அல்லவா?

இந்த ஜெபாலயத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பெருஞ்செல்வம் சேரமன்னர் பாஸ்கர இரவிவர்மப் பெருமாள் வழங்கிய செப்பேடு. ஆண்டைக் குறிக்கும் முறையே இதில் விந்தையானது. ‘இரண்டாம் ஆண்டைக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு’ என்று எழுதப்பட்டுள்ளது. இரண்டையும் கூட்டினால் ஆட்சியாண்டு 38. இம்மன்னர் 962இல் பட்டமெய்தினார் என்று வரலாற்றாசிரியர் எம். ஜி. எஸ். நாராயணன் கணித்துள்ளார், அதன்படி செப்பேட்டின் காலம் 1000ஆம் ஆண்டு. தஞ்சையில் முதலாம் இராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ சோழனுக்கும் சேரருக்கும் பகை மூண்டிருந்த நாள்களில், கடல் வணிகரின் துணையை நாடியே பெருமாள் இவ்வரிசைகளை வழங்கினார் எனக் கருதுவாரும் உளர்.

பெருமாள் முயிரிக்கோட்டில் எழுந்தருளியிருந்தபோது, இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு வீட்டுரிமைகளையும் அளித்தார். முயிரிக்கோடு என்பது சங்கச் சான்றோர் முசிறி என்று போற்றிய துறையே. நமக்கு வடக்கே உள்ள கொடுங்கல்லூர்ப் பகுதி அது. யோசேப்பு ரப்பான் என்ற எபிரேயப் பெயரே தமிழ் நாவில் இசுப்பு இரப்பான் என்று நயமாக உருமாறியுள்ளது.

இனி, செப்பேட்டின் சொற்களைப் பாருங்கள். இது வட்டெழுத்தில், வடசொற்களுக்கு மட்டும் கிரந்தம் கலந்து எழுதப்பட்டது. உல்கும் துலாக்கூலியும் நீக்கப்பட்டன என்கிறது. உல்கு என்பது சுங்கம். திருவள்ளுவர் பொருட்பாலில் ஆண்ட அதே சொல். துலாக்கூலி என்பது நிறுப்பதற்குரிய கட்டணம். பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம், தோரண விதானம் ஆகிய வரிசைகள் அளிக்கப்பட்டன. இங்கே பாவாடை என்பது நம் பெண்மக்கள் உடுத்துவதன்று. பெரியோர் நடந்து வருமாறு தரையில் விரிக்கும் துணி. அந்தோளகம் என்பது பல்லக்கு. காளம் என்பது ஊதுகொம்பு. இவ்வுரிமைகள் இசுப்பு இரப்பானின் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும், பெண்மக்களை மணந்த மருமக்களுக்கும், உலகும் திங்களும் உள்ளவரை உரியன என்று செப்பேடு முடிவு செய்கிறது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை உடையவர்கள் சாட்சியாக நிற்கின்றனர். இறுதியில் எழுதியவன் பெயரும் காணப்படுகிறது. எழுத்துவேலை செய்து பிழைக்கும் என் போன்றோர்க்கு இது தனி மகிழ்ச்சி தருவதாகும்.

செப்பேடு பேசுவது பழந்தமிழா, முன்னைய மலையாளமா என்று வாதிடுவோர் உண்டு. மலையாளம் தனிமொழியாக உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தது அது. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிற்சியாவதால், இச்சொற்கள் இரு வழியாலும் அவர்களுக்கு எட்டக்கூடியவை. இதைத் ‘தமிழர் சொத்து’ என்று முழங்கி அண்டை வீட்டாருடன் வழக்காடுவதைவிட, இரு வீட்டாரும் ஒரே முற்றத்தில் நின்ற காலத்தின் சான்று என்று கொள்வதே அறிவுடைமை.

இக்குலத்துப் பழைய மன்னர்களின் நினைவு நம் நாட்டிலும் கல்லில் நிற்கிறது. கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலைக் குகையில், சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என வரும் அக்கல்வெட்டு, சமண முனிவர் ஒருவர் தங்குவதற்குக் கல் படுக்கை செய்தளித்ததைக் கூறுகிறது. சேரர் பெயரைக் குகையில் வாழ்விப்பது ஒரு துறவிக்கு அளித்த கொடை. செப்பேட்டில் வாழ்விப்பது ஒரு வணிகனுக்கு அளித்த கொடை. பாஸ்கர இரவியின் கல்வெட்டுகளை நேரில் காண விரும்புவோர் எறணாகுளத்தை அடுத்த திருக்காட்கரைக்குச் செல்லலாம். நம்மாழ்வார் பாடிய அவ்வாமனர் கோயிலில் பெருமாள் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. காலையில் புறப்பட்டால் தரிசனமும் செய்து நண்பகலுக்குள் வீடு திரும்பலாம்.

யூதர்களும் கற்களை விட்டுச் சென்றுள்ளனர். மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடியில் 1344இல் எழுந்த ஜெபாலயம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் பரதேசி ஜெபாலயச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. வடக்கே சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராள் என்பவரின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டினது. இந்தியாவில் கிடைத்துள்ள எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழமையானது. மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. இப்பெண்மணிக்கோ தந்தை பெயரும் தன் பெயருமே. ஆயினும் ஏழரை நூற்றாண்டுகளாக அப்பெயர் அழியவில்லை.

இவ்வளவு பெருமையுடைய சமூகத்திலும் ஒரு மாசு இருந்தது. மலபார் யூதர், பின்னர் ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து வந்த பரதேசி யூதர் என்ற பிரிவுகள் தோன்றின. இரு சாராரும் செப்பேடு தமக்கே உரியது என்றனர். அன்றியும், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்கள் என்ற காரணத்தால் சிலருக்குப் பரதேசி ஜெபாலயத்தில் சம உரிமை மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகம் செய்து அத்தடையைத் தளர்த்தினார். வந்தோரை மன்னன் பல்லக்கில் ஏற்றினான். வந்தோரோ தம்மவரையே வாயிலில் நிறுத்தினர்! அயலூரில் சங்கம் அமைத்து வாழும் நாம், நம் கூட்டங்களில் எவர் முன்வரிசையில் அமர்கிறார், எவர் கதவருகே நிற்கிறார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். ஒல்லாந்தர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் நம் வண்ணார் குடும்பத்தார் கொச்சிக் கோட்டையில் இன்றும் துணி வெளுத்து வாழ்கின்றனர். நம்முள் மூத்த குடியேறியவர் அவர்களே. அவர்களை நம் விழாக்களுக்கு எவ்வளவு மதிப்புடன் அழைக்கிறோம்?

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதர் பெரும்பாலோர் அங்கே சென்றுவிட்டனர்; இன்று இங்கிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். 1968 டிசம்பரில் ஜெபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். 2017இல் செப்பேட்டின் படி ஒன்று இந்தியப் பிரதமரால் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

பெருமாளின் தலைநகர் மகோதயபுரத்தில் இன்று அவர் அரண்மனை இல்லை. 12ஆம் நூற்றாண்டில் அவர் மரபின் ஆட்சியும் முடிந்தது. வேற்று மொழியும் வேற்று வழிபாடும் உடைய ஒரு குடியினர் அவர் ஆணையைப் பத்து நூற்றாண்டுகள் பேணிக் காத்தனர். அதனால் அவர் பெயர் கோயிற்சுவர்களில் மட்டுமன்றி, அவரால் வாழ்ந்தவர் கையிலும் தங்கிற்று. வந்தவர்க்கு இடமளித்தது மன்னனின் கடமை. அதை மறவாமை வந்தவரின் கடமை. இரண்டும் இங்கே குறைவின்றி நிறைவேறியுள்ளன.

ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஜெபாலயத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாளாதலால் அன்று செல்ல வேண்டாம். காலணிகளைக் கழற்றி, அமைதியாக நடந்து, கொச்சங்காடிக் கல்லைக் காட்டுங்கள். உல்கு, காளம், பாவாடை என்ற மூன்று சொற்களை மட்டும் வழியில் சொல்லிக் கொடுங்கள். தமிழ் எழுத்து இன்னும் தடுமாறும் பிள்ளைகளுக்கு, அவற்றை அன்று மாலை தம் கையால் எழுதிப் பார்க்கும் ஆர்வம் பிறக்கக்கூடும். அதைவிட நல்ல தொடக்கம் வேறு வேண்டுமோ?